சொல்கிற விலையும் கொடுக்கிற விலையும்

மதுரைப் பக்கத்துச் சந்தைகளில் ஒரு பொருளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று சொல்கிற விலை, இன்னொன்று கொடுக்கிற விலை. வாங்க வந்தவர் முதல் விலையைக் கேட்டதும், "அது சொல்ற விலைண்ணே, கொடுக்கிற விலையைச் சொல்லுங்க" என்பார். விற்பவர் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. "உங்ககிட்டப் போய்க் கூடச் சொல்லுவேனா?" என்று கேட்டுக்கொண்டே பத்து ரூபாய் குறைப்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். இந்தப் பேச்சை வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பொருள் கேட்டால் திணறிப்போவார். முதலில் சொன்னது உண்மையான விலை என்றால் அது எப்படிக் குறைந்தது? பொய் என்றால், நேருக்கு நேர் பொய்யர் என்று சொல்லப்பட்டவர் எதற்குச் சிரிக்கிறார்?

ஊரில் இருந்தவரை இது எனக்கு ஒரு கேள்வியாகவே தெரிந்ததில்லை. முதுகலை படிக்க இங்கிலாந்துக்கு வந்து, வேலை கிடைத்து, லண்டனிலேயே தங்கிவிட்ட இந்த இருபது ஆண்டுகளில்தான் அது கேள்வியாக உருவெடுத்தது. இங்கே வளரும் என் பிள்ளைகளுக்குப் பேரம் என்பது கொஞ்சம் வெட்கக்கேடான காரியம். "ஒரு விலை சொன்னால் அதைக் கொடுக்க வேண்டியதுதானே, அவரை ஏன் பொய்யர் ஆக்குகிறீர்கள்?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவையிலிருந்து எழுந்தவையே இந்தச் சிந்தனைகள்.

பேரத்தில் என்னதான் பேசப்படுகிறது என்று முதலில் பார்க்கலாம். "கட்டுப்படியாகாது" என்று விற்பவர் சொன்னால் நட்டம் வரும் என்பது நேர்ப்பொருள். உண்மையில் அதற்கு, 'இன்னும் கொஞ்சம் ஏறி வாருங்கள்' என்று அர்த்தம். "முதலுக்கே வரலை" என்பதும் ஏறக்குறைய அதுவே. "கடைசியா என்னதான் சொல்றீங்க?" என்று கேட்டு வாங்கிய விலை கடைசி விலையாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. "சரி, வேணாம் விடுங்க" என்று வாங்குபவர் நடக்கத் தொடங்குவார். அந்த நடையும் ஒரு வாக்கியம்தான். வேகமாக நடந்தால் உண்மையிலேயே போகிறார் என்று பொருள். காதில் விழுகிற தூரத்தை மெதுவாகக் கடந்தால், 'கூப்பிடுங்கள்' என்று பொருள். "இங்க வாங்க, நீங்க எவ்வளவுதான் குடுப்பீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வரும். எண்ணைச் சொல்லவேண்டிய பொறுப்பு அந்தக் கேள்வியோடு இந்தப் பக்கம் வந்துவிடும். அடுத்த எண்ணைச் சொல்பவருக்குப் பிடி தளரும் என்பது இருவருக்கும் தெரியும்.

வாங்குபவருக்கும் தனியாக ஓர் அகராதி உண்டு. கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "வாடிப் போயிருக்கே" என்பது. "போன வாரம் இருபதுதானே?" என்பது. "பக்கத்துக் கடையில கேட்டுட்டுதான் வர்றேன்" என்பது. சேலை எடுக்கப் போகும் பெண்ணுக்கு மூத்தவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம், பிடித்த சேலையைப் பார்த்துக் கண்ணை விரிக்காதே என்பதுதான். பக்கத்தில் இருப்பதன் விலையை முதலில் கேள், பிடித்ததைப் போகிற போக்கில் விசாரி என்பார்கள். முகத்துக்கும் பேரத்தில் பேச்சு உண்டு.

இதற்குள் உறவுமுறையும் வந்துவிடும். "சார்" என்று தொடங்கியவர் இரண்டாவது விலையில் "அண்ணே" ஆகிவிடுவார். பூக்காரம்மா "தாயி" என்பார், கீரைக்காரப் பாட்டி "ராசா" என்பார். வாங்குபவரும் சும்மா இல்லை, "ஆத்தா, பாத்துப் போட்டுக் குடு" என்பார். காலை நேரமாக இருந்தால் "போணி நேரம்" என்ற சொல் வரும். முதல் வியாபாரம் தட்டிப்போகக் கூடாது என்ற நம்பிக்கை விற்பவரைக் கொஞ்சம் இறங்க வைக்கும். அதைத் தெரிந்துகொண்டே காலையில் வருகிறவர்களும் உண்டு. கடைசியில் எல்லாம் முடிந்து, பணமும் கைமாறிய பிறகு, கொசுறு. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய். இவ்வளவு நேரம் ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டியவர் அதை எண்ணிப் பார்க்காமல் அள்ளிப் போடுவார்.

நான் வசிக்கும் நகரத்திலும் இதன் மிச்சம் இருக்கிறது. கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டி குயின்ஸ் மார்க்கெட் என்றொரு சந்தை. அங்கே காய்கறிகளைக் கிண்ணங்களில் குவித்து வைத்திருப்பார்கள். 'ஒரு கிண்ணம் ஒரு பவுண்டு' என்பது நெடுங்காலமாக லண்டன் சந்தைகளின் கூவல். விலை கறார், அதைப் பேச முடியாது. அதனால் பேச்சு கிண்ணத்துக்கு மாறிவிடும். "தம்பி, உந்தப் பெரிய கிண்ணத்தைத் தாரும்" என்று யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்க, "கட்டாது அன்ரி" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரத் தம்பி இரண்டு வெண்டைக்காயைக் கூடப் போடுவார். பக்கத்துக் கடையின் ஆங்கிலேயர் வருகிறவர்களையெல்லாம் "டார்லிங்" என்றும் "லவ்" என்றும் அழைப்பார். அவர்களுடைய தாயியும் ராசாவும் அவைதாம். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது பலகையில் விலை எழுதிப்போட்டார்கள். அங்கேயும் பேச்சு நின்றுவிடவில்லை, விலையிலிருந்து நிறுவைக்கு நகர்ந்தது. "தட்டு நல்லாத் தாழட்டும்மா" என்று கேட்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். மனிதர்கள் நின்று வாங்கும் இடத்தில் பேச்சுக்கு ஏதாவது ஒரு மூலை தேவைப்படுகிறது போலும்.

இனி மகளின் கேள்வி. அவள் கேட்டதை அவளுக்கு முன்பே இந்த நாட்டில் கேட்டிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான குவேக்கர்கள் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுத்தவர்கள். சத்தியம் செய்து சொல்வது உண்மை என்றால், மற்ற நேரத்தில் சொல்வது என்ன என்பது அவர்கள் வாதம். அதே வாதத்தைக் கடைக்கும் கொண்டு வந்தார்கள். வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் தொகையைவிடக் கூடுதலாக ஒன்றைக் கேட்பது பொய். எனவே ஒரே விலை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது. தொடக்கத்தில் இவர்களிடம் வாங்க வராமல் ஒதுங்கியிருந்த மக்கள், பிறகு, ஒரு குழந்தையை அனுப்பினாலும் தாங்களே போனதுபோல நியாயமாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டுகொண்டு வரத் தொடங்கியதாக ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் குழந்தை நூறாண்டுக்கு மேல் கழித்து ஜெர்மானியத் தத்துவ நூல் ஒன்றில் மறுபடி கடைக்கு வருகிறது. இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். அவர் எல்லோருக்கும் ஒரே விலை வைத்திருக்கிறார், ஒரு குழந்தைகூட மற்றவர்களைப் போலவே அவரிடம் வாங்கலாம். நேர்மையான நடத்தைதான். ஆனால், நேர்மை கடமை என்பதற்காக அவர் அப்படி நடந்துகொள்கிறாரா, கடைக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பதற்காகவா என்று காண்ட் குடைகிறார். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் பொருத்தமானதே. ஜப்பானில் மிட்சுயி குடும்பம் 1673இல் தொடங்கிய எச்சிகோயா துணிக்கடையும், பாரிசில் 1852 முதல் அரிஸ்டைட் பூசிக்கோ வளர்த்தெடுத்த போன் மார்ஷேயும் ஒரே விலைக்குப் பெயர் பெற்றவை. பெரிய கடையில் நூறு சிப்பந்திகள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் முதலாளியைப் போல் பேரம் பேசுவார் என்று நம்ப முடியாது. விலையை எழுதி ஒட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் விற்கலாம். குவேக்கர்களுக்கு மனச்சாட்சியாக இருந்தது, பெருங்கடைகளுக்கு நிர்வாக வசதியானது.

எதற்காக வந்திருந்தாலும் அந்த ஏற்பாட்டின் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில், யாரிடமும் வாய் திறக்காமல் ரொட்டியும் பாலும் வாங்க முடிந்தது பெரிய ஆறுதல். என் உச்சரிப்பை யாரும் எடைபோடவில்லை. என் நிறத்துக்கு ஒரு விலை, பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு விலை என்று இல்லை. மொழி தெரியாதவனுக்கு ஒட்டிய விலை ஒரு பாதுகாப்பு. பேரத்தின் அழகைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

ஆனாலும் குவேக்கர் வாதத்தின் அடிப்படையோடு எனக்கு உடன்பாடில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர், தான் அத்தினாபுரத்து மன்னன் என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பதில்லை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள். கேட்பவர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காமல், நம்பமாட்டார் என்று தெரிந்தே சொல்லப்படுவதைப் பொய் என்பது பொருந்தாது. "முந்நூறு" என்ற சொல் கத்தரிக்காயைப் பற்றிய தகவல் அன்று. அது பேச்சுக்கான அழைப்பு. மொராக்கோவின் செஃப்ரூ என்ற ஊர்ச் சந்தையை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதிய கட்டுரையில், சந்தை என்பது தகவல் கிடைக்காத இடம், அங்கே எல்லோரும் தகவலைத்தான் தேடுகிறார்கள் என்கிறார். பேரம் அந்தத் தேடலின் ஒரு வழி. இந்தச் சரக்கு எவ்வளவு தேவைப்படுகிறது, எவ்வளவு கிடைக்கிறது, எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரம் வருவார் என்பதையெல்லாம் ஏற்றி இறக்கிச் சொல்லும் எண்களின் வழியாக இருவரும் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியானால் சந்தையில் எதையும் சொல்லலாமா? இல்லை. விலையைப் பற்றிய பேச்சுக்குத்தான் அந்த ஒப்பந்தம். பொருளைப் பற்றிய பேச்சுக்கு அது கிடையாது. "இது இன்னிக்குக் காலையில் வந்த மீன்" என்று ஒருவர் சொன்னால் அது தகவல். அதை நம்பித்தான் வாங்குகிறோம், சமைக்கிறோம், பிள்ளைக்கு ஊட்டுகிறோம். அங்கே சொல்லப்படும் பொய், சுத்தமான பொய். சந்தையில் இந்தக் கோட்டை எல்லோரும் அறிந்தே வைத்திருக்கிறார்கள். தர்பூசணிக்காரர் விலையில் எவ்வளவு ஏற்றிச் சொன்னாலும், பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிச் சிவப்பைக் காட்டிவிடுவார். விலைக்கு வாயும் பொருளுக்குக் கண்ணும் சாட்சி. கோட்டின் மேலேயே நிற்கும் பேச்சுகளும் உண்டு. "எனக்கே இருநூத்தம்பது அடக்கம்" என்பது விலைப் பேச்சு போல இருந்தாலும் ஒரு தகவலாகவும் இருக்கிறது. "பக்கத்துக் கடையில இருநூறுதான்" என்று வாங்குபவர் கற்பனையாகச் சொல்வதும் அப்படியே. இரண்டையும் கேட்பவர்கள் பாதி கழித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள் என்பதைத் தவிர அவற்றுக்குச் சமாதானம் இல்லை.

வாங்குபவரின் பொய்யை நம் அறநூல்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்கிறது. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலப் பேணச் சொல்லி வள்ளுவர் வணிகருக்கு அறிவுரை தருகிறார். அறிவுரை எல்லாம் தராசு பிடித்தவருக்கே. விதிவிலக்காக, விவிலியத்தின் நீதிமொழிகள் நூல், வாங்கும்போது மட்டம் மட்டம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போன பிறகு பெருமையடித்துக்கொள்பவனைக் குறிப்பிடுகிறது. அந்த மனிதரை நான் பல கல்யாண வீடுகளில் சந்தித்திருக்கிறேன்.

பேசாமலிருப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். இன்னும் பல கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்லவேண்டுமா? பொருளின் குறையைச் சட்டப்படி சொன்னால் போதும், மற்றதைச் சொல்லவேண்டியதில்லை என்று டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் அறிஞர் வாதிடுகிறார். வாங்குபவருக்குத் தெரியாத எதையும் விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறார் அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். அந்தத் தீவு மக்களுக்குக் கேட்கும் வாய் இருந்தது, ஆனால் என்ன கேட்கவேண்டும் என்று தெரியாது. அதுதான் அங்கே உள்ள அநீதி என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிச் சொல்லத் தோன்றுவதற்குக் காரணம் என் தாய்மாமா. மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பேரம் பேசுவதில் பெரிய ரசிகர். ஒரு தூக்குவாளிக்கு அரைமணி நேரம் பேசுவார். நடுவில் மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பேசுவார். விடுமுறைகளில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். சாவு வீட்டிலிருந்து குடமும் சொம்பும் வாங்க வருகிறவர்களிடம் மட்டும் அவர் எடுத்த எடுப்பிலேயே கொடுக்கிற விலையைச் சொல்லிவிடுவார். அவர்கள் அதற்கு மேல் கேட்கவும் மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவனுக்கு இன்னிக்கு வாய் கிடையாது மாப்ள. வாய் இல்லாதவன்கிட்ட என்ன பேரம்?" என்றார். தனியாக வரும் சிறு பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். மாமா காண்ட்டைப் படித்தவரில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை என்ற குவேக்கர் விதியை விட நுட்பமான ஒன்றை அவர் கைக்கொண்டிருந்தார். வாய் உள்ளவரிடம் சொல்கிற விலை, வாய் இல்லாதவரிடம் கொடுக்கிற விலை. அதே "முந்நூறு" என்ற சொல், பேரம் தெரிந்தவரிடம் அழைப்பு. தெரியாதவரிடமும் முடியாதவரிடமும் சொன்னால் அது பொய்யாகிவிடுகிறது. சொல் மாறவில்லை, கேட்பவர் மாறிவிட்டார்.

உண்மைக்குத் தமிழில் மூன்று சொற்கள் இருப்பதையும், உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்மை என்று அவற்றைப் பிரித்துச் சொல்லும் மரபையும் பள்ளியில் படித்திருப்போம். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, நடந்ததோடு சொல் பொருந்துகிறதா என்று கேட்கவில்லை. பிறருக்குத் தீங்கில்லாமல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். பேரத்தை அளப்பதற்கு இது நல்ல படிக்கல்.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், சிறிய கடைக்காரர்கள் மட்டுமே பொய்யர்களாகத் தெரிவதன் காரணமும் விளங்கும். என் தொழிலில் ஆண்டுக்குச் சில முறை ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் உட்காருகிறேன். "இதற்கு மேல் எங்கள் பட்ஜெட் இடம்கொடுக்காது" என்பார்கள். "கையில இவ்வளவுதான் இருக்கு" என்பதன் ஆங்கிலம் அது. "மேலிடத்தைக் கேட்க வேண்டும்" என்றால் "வீட்ல கேட்டுட்டு வர்றேன்". "நீண்டகால உறவை மதிக்கிறோம்" என்றால் "நாளைப்பின்ன நீங்க வர வேணாமா?". "இதுவே எங்கள் இறுதி விலை" என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இவற்றைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, சான்றிதழும் கொடுக்கிறார்கள். அங்கே அது திறமை, கீரைக்கடையில் ஏமாற்று. மேசையின் இரு பக்கமும் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பேரத்தில் எனக்கு மன உறுத்தல் எதுவும் இல்லை. இருவருக்கும் வாய் இருக்கிறது.

கீரைக்கடையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. காலை ஏழு மணிக்குப் பாட்டிக்கு வாய் இருக்கிறது. "வேணாம்னா போ ராசா, அடுத்தவங்க வாங்குவாங்க" என்று சொல்லமுடியும். மாலை ஆறு மணிக்கு அவரால் அதைச் சொல்லமுடியாது. மிஞ்சிய கீரை மறுநாளுக்கு ஆகாது. வெயில் அவர் வாயை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து வந்து பாதி விலைக்குக் கேட்பவர் புதிதாக எந்தப் பொய்யும் சொல்லவில்லை, காலையில் சொன்ன அதே சொற்களைத்தான் சொல்கிறார். என் அம்மா காலையில் ஐம்பது காசுக்குச் சண்டை போடுவார், பொழுது சாய்ந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவார். அதற்கு அவர் விளக்கம் எதுவும் சொன்னதில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏழை வியாபாரிகளிடம் பேரமே பேசக் கூடாது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்கிற நம்மிடையே இது ஒரு நல்லொழுக்கமாகவே ஆகிவிட்டது. எண்ணம் நல்லது. கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த உறவினர் ஒருவரோடு பூ வாங்கப் போயிருந்தேன். பூக்காரம்மா சொன்ன விலையை அவர் மறுபேச்சில்லாமல் நீட்டினார், மிச்சத்தையும் வேண்டாம் என்றார். அந்த அம்மா பணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஏன் சாமி, ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார். பிறகு, தன் முழங்கையை நன்றாக நீட்டி இன்னும் அரை முழம் அளந்து நறுக்கி இலையில் வைத்தார். அவருக்குக் கணக்கு நேராக வேண்டியிருந்தது. விற்க வந்தவரிடம் பிச்சைபோல எதையாவது விட்டுவிட்டு வருவதும், உனக்கு வாய் இல்லை என்று சொல்வதற்குச் சமம்தான். அவருக்கு வாய் இருந்தது, அரை முழம் மல்லிகையில் அதைக் காட்டினார்.

பேரத்தின் மொழி, வேண்டுமென்றே சிலரை வெளியே நிறுத்துவதும் உண்டு. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரல்களைத் தொட்டே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. பொற்கொல்லர்கள் தங்கத்தைப் 'பறி' என்று தங்களுக்குள் அழைத்துக்கொள்வதைக் குழூஉக்குறிக்கு உதாரணமாக நம் இலக்கண உரைகள் காட்டுகின்றன. துண்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கைகளுக்கும் அது நியாயமான பேச்சாக இருக்கலாம். மாட்டை ஓட்டி வந்தவரின் கை அங்கே இல்லாவிட்டால், அவருடைய மாட்டுக்கு அவருக்கே வாய் இல்லாமல் போகிறது.

அந்தத் துண்டு இப்போது மிகப் பெரிதாகிவிட்டது என்பது என் தொழில் சார்ந்த கவலை. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன்பின் விமான நிறுவனங்கள் ஒரே வரிசை இருக்கைகளை வெவ்வேறு விலைக்கு விற்கும் கணக்குகளைக் கணினியில் வளர்த்தெடுத்தன. இன்று ஊருக்குப் போகப் பயணச்சீட்டு தேடும் எவருக்கும் அது தெரியும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. பள்ளி விடுமுறை வந்தால் வேறொரு விலை. இத்தகைய விலை மென்பொருள்களில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அவை கேட்கும் கேள்வி, இந்த வாடிக்கையாளர் எவ்வளவு வரை கொடுப்பார் என்பது. சந்தைக்காரர் என் முகத்தையும் செருப்பையும் பார்த்துக் கேட்கும் அதே கேள்விதான். ஆனால் சந்தைக்காரரின் முகத்தை நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். "சாவுக்குப் போறேன்பா, பாத்துச் சொல்லு" என்று என்னால் சொல்லமுடியும். அவர் கேட்கலாம், கேட்காமல் போகலாம், ஆனால் அவருக்குக் காது இருக்கிறது. நள்ளிரவில் தகவல் வந்து சென்னைக்குச் சீட்டு எடுத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அந்த நேரத்தில் திரையில் தெரியும் எண்ணிடம் என்ன சொல்வது? ஒட்டிய விலை எல்லோர் வாயையும் சமமாக மூடியது. பதிலுக்கு, எல்லோருக்கும் ஒரே விலை என்ற ஒரு நியாயத்தைத் தந்தது. இந்தப் புதிய விலை ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி மாறுகிறது, ஆனால் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. குவேக்கர் கடையின் சமத்துவமும் இதில் இல்லை, மாமாவின் கடையில் இருந்த காதும் இல்லை.

மகளுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவு நீளமானதல்ல. பொருளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. பதில் சொல்ல முடியாதவரிடம் பேரம் பேசக் கூடாது. பதில் சொல்ல முடிந்தவரிடம் பேசாமல் வருவதும் மரியாதை ஆகாது. மற்றபடி முந்நூறு என்று அவர் சொன்னால் நூற்றைம்பது என்று நீ சொல், அவர் உன்னைத் திட்டமாட்டார். பொழுது சாய்ந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள் என்றேன். எப்போது நிறுத்துவது என்று கேட்டாள். அதற்கு ஊரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: படிதல். பேரம் முடிந்தது என்றோ வென்றது என்றோ சொல்வதில்லை, விலை படிந்தது என்பார்கள். கலங்கிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்தால் மண் படிந்து நீர் தெளிவது போல. அதுவரை கலக்கியது இரண்டு பேரும்தான்.